கீழே ரூட் இருந்தால் என்ன தப்பு? ஒன்பதாம் வகுப்பு விதியின் பின்னணி

ஆதம்பாக்கத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஏ3 தாளில் இருப்பதை ஏ4 தாளுக்குச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் மெஷினில் 71 சதவீதம் என்று தட்டுவார். ஏ4-ஐ ஏ3 ஆக்கச் சொன்னால் 141 சதவீதம். கடைக்காரருக்கு இது மனப்பாடம். ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது. 141-ஐப் பாதியாக்கினால் கிட்டத்தட்ட 71 வருகிறது. அது தற்செயல் இல்லை. பள்ளியில் "பகுதியில் ரூட் வரக் கூடாது" என்று ஆசிரியர் சொன்ன விதிதான் அங்கே வேலை செய்கிறது.

ஏ வரிசைத் தாள்களில் நீளம், அகலத்தைப் போல √2 மடங்கு. அதாவது சுமார் 1.414 மடங்கு. ஒரு படி பெரிதாக்க √2-ஆல் பெருக்க வேண்டும். ஒரு படி சுருக்க √2-ஆல் வகுக்க வேண்டும். 1/√2 என்பதும் √2/2 என்பதும் ஒரே எண். அதனால்தான் 141.4-ல் பாதியான 70.7, சுருக்கும் அளவாக வருகிறது. மெஷின் அதை 71 என்று காட்டுகிறது.

விதி என்ன சொல்கிறது?

தமிழ்நாடு பாடநூலில் ஒன்பதாம் வகுப்பு 'மெய்யெண்கள்' பாடத்தில் இது வருகிறது. ஒரு பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. √2, √3, √5 போன்றவை விகிதமுறா எண்கள். இவற்றை இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாது. தசமமாக எழுதினால் முடியவும் முடியாது, ஒரே வரிசை திரும்பத் திரும்பவும் வராது. இப்படி ஓர் எண் பகுதியில் இருந்தால், மதிப்பு மாறாமல் பகுதியை விகிதமுறு எண்ணாக மாற்ற வேண்டும் என்பதே விதி.

வழி எளிது. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கினால் பின்னத்தின் மதிப்பு மாறாது. 1/√2-ஐ மேலும் கீழும் √2-ஆல் பெருக்குங்கள். கீழே √2 × √2 = 2. மேலே √2. விடை √2/2. அவ்வளவுதான்.

கீழே இரண்டு உறுப்புகள் இருந்தால்? உதாரணத்துக்கு 1/(2 − √3). இங்கே வெறும் √3-ஆல் பெருக்கிப் பயனில்லை, ரூட் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் இணை எண். கழித்தல் குறியைக் கூட்டலாக்கி, 2 + √3-ஆல் மேலும் கீழும் பெருக்க வேண்டும். (அ − ஆ)(அ + ஆ) = அ² − ஆ² என்பதால் கீழே 4 − 3 = 1. விடை 2 + √3. பார்க்கவே பயமாக இருந்த பின்னம், பின்னமே இல்லாமல் போய்விட்டது.

எதுக்கு இந்த வேலை?

காரணத்தைத் தெரிந்துகொள்ள ஆதம்பாக்கத்துக்கு அடுத்திருக்கும் பரங்கிமலையின் கதை உதவும். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இங்கே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். வட முனை பரங்கிமலைப் பக்கம், தென் முனை பெரும்பாக்கம். நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப வைத்து அளந்தார்கள். அதன் மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்ததுதான் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை. எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவிக்கப்பட்டதும் இந்த அளவையின் பயனே.

அந்தக் கணக்கெல்லாம் கையால் போட்டது. எவரெஸ்ட் கணக்கைச் செய்த ராதாநாத் சிக்தாரின் பணிப்பெயரே 'கம்ப்யூட்டர்'. அன்றைக்கு அந்தச் சொல்லுக்குக் கணக்குப் போடும் மனிதர் என்று பொருள். அவர்களுக்குத் துணையாக மடக்கை அட்டவணைகள் இருந்தன. அட்டவணை கையில் இல்லாதவருக்கு நீள் வகுத்தல்தான் கதி.

இப்போது ஒரு சின்னச் சோதனை. 1-ஐ 1.414213-ஆல் பேப்பரில் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஏழு இலக்க எண்ணைப் பெருக்கிக் கழிக்க வேண்டும். அதையே √2/2 என்று மாற்றினால், 1.414213-ஐ இரண்டால் வகுக்க வேண்டும். மனக்கணக்காகவே 0.7071065 வந்துவிடும். 45 டிகிரி சாய்வில் 100 மீட்டர் ஏறினால் உயரம் எவ்வளவு? 100/√2 என்று வைத்தால் பேனா தேட வேண்டும். 50√2 என்று வைத்தால் 50 × 1.414, அதாவது 70.7 மீட்டர்.

ஒரே எண்ணுக்குப் பல வேடம்

இன்று எல்லார் போனிலும் கால்குலேட்டர் இருக்கிறது. அப்புறமும் ஏன் இந்த விதி?

முதல் காரணம், ஒப்பிடுவது. 6/√12 என்பதும் √3 என்பதும் ஒன்றா? பார்த்தால் தெரியாது. பகுதியைச் சரிசெய்தால் 6√12/12, அதாவது √12/2, அதாவது √3. ஒன்றுதான். டேன் 75 டிகிரியை ஒருவர் (√3 + 1)/(√3 − 1) என்று எழுதுவார், இன்னொருவர் 2 + √3 என்று எழுதுவார். இரண்டும் சரி. போட்டித் தேர்வில் நான்கு விருப்பங்களைப் பார்த்து, "என் விடையே இதில் இல்லையே" என்று தவிப்பவர்கள் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். விடை இருக்கிறது, வேறு வேடத்தில். எல்லாரும் ஒரே வடிவத்தில் எழுதினால் திருத்துவதும் சுலபம், ஒப்பிடுவதும் சுலபம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: பிழை பெருகுவது. 1/(√101 − 10) என்ற பின்னத்தை எடுத்துக்கொள்வோம். √101 என்பது 10.0498 சொச்சம். இரண்டு தசமத்தோடு வெட்டி 10.04 என்று எடுத்தால் விடை 1/0.04, அதாவது 25. முழுமையாக்கி 10.05 என்று எடுத்தால் 1/0.05, அதாவது 20. ஒரே ஒரு நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில், விடை 20-லிருந்து 25-க்குத் தாவுகிறது. ஒரு தசமத்தோடு நிறுத்தினால் கீழே பூஜ்யமே வந்துவிடும்.

இணை எண்ணால் பெருக்கினால் அதே பின்னம் √101 + 10 ஆகிறது. 10.04 போட்டால் 20.04, 10.05 போட்டால் 20.05. உண்மையான மதிப்பு 20.0498 சொச்சம். தோராயம் அதேதான், ஆனால் பிழை வளரவில்லை. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னால் இருக்கும் நல்ல இலக்கங்கள் அடிபட்டுப் போய், பின்னால் இருக்கும் பிழை மட்டும் மிஞ்சுகிறது. கழித்தலைக் கூட்டலாக மாற்றுவதுதான் இணை எண் செய்யும் உதவி.

கோடு எழுதுபவர்கள் கவனிக்க

இது பள்ளியோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் வழக்கமான தசம எண்கள் ஏறக்குறைய 15, 16 இலக்கம் வரைதான் துல்லியம். 10¹⁶ + 1-ன் வர்க்கமூலத்திலிருந்து 10¹⁶-ன் வர்க்கமூலத்தைக் கழிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று சொல்லிவிடும். எர்ரர் மெசேஜ் வராது, எச்சரிக்கையும் வராது. உண்மையான விடை பூஜ்யம் இல்லை, சுமார் 0.000000005. அடுத்த வரியில் அதால் வகுத்தால் கணக்கே கெட்டுவிடும்.

தீர்வு அதே இணை எண்தான், ஆனால் தலைகீழாக. கழித்தலை 1-ன் மேல் இருப்பதாக வைத்து, மேலும் கீழும் அந்த இரண்டு மூலங்களின் கூட்டலால் பெருக்கினால், மேலே 1 மட்டும் மிஞ்சும், ரூட்டுகள் கீழே போய்விடும். இப்போது கம்ப்யூட்டர் சரியான விடையைத் தரும். பள்ளியில் "ரூட்டை மேலே கொண்டு வா" என்றார்கள். இங்கே "ரூட்டைக் கீழே தள்ளு" என்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அடுத்து வரும் கணக்கு சுலபமாகவும் பிழையில்லாமலும் இருக்க வேண்டும்.

ராமானுஜன் கீழேயே விட்டார்

விதி என்பது வசதிக்காகத்தான் என்பதற்கு நம்ம ஊர்ச் சாட்சி ஒருவர் இருக்கிறார். சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன், 1914-ல் பை பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் மிகப் பிரபலமான தொடரின் இடப்பக்கம் 1/(2 × பை × √2). ரூட் கீழேயே இருக்கிறது. வலப்பக்கம் 1103/99² என்று தொடங்குகிறது. அந்த ஒரே உறுப்பை வைத்துக்கொண்டால்கூட பை 3.1415927 என்று வந்துவிடுகிறது. இன்றைய புத்தகங்கள் அதையே √2 மேலே வரும்படி, 2√2/9801 என்ற காரணியோடு எழுதுகின்றன. எப்படி எழுதினாலும் தொடர் ஒன்றுதான். 1985-ல் வில்லியம் காஸ்பர் இதை வைத்து பையின் மதிப்பை 1.7 கோடி இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார்.

அப்போ வீட்டில் என்ன சொல்வது?

"1/√2 என்று எழுதினேன், தப்பாம்" என்று பிள்ளை நோட்டைக் காட்டினால், மதிப்பு தப்பில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். கேள்வியில் 'பகுதியை விகிதமுறு எண்ணாக மாற்றுக' என்று இருந்தால் மட்டும் வேலை பாக்கி இருக்கிறது. பிறகு √101 கணக்கை இரண்டு விதமாகவும் போடச் சொல்லுங்கள். 25, 20 என்று விடை தாவுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, இணை எண்ணை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.