தன்விவரக் குறிப்பின் வழி வரைகலை வடிவமைப்பு கற்பித்தல்: ஆரணிப் பட்டு நெசவுச் சூழலை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் அறியப்படும் நகரமாகும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இங்குள்ள நெசவுக் குடும்பத்து மாணவர்கள் வரைகலை வடிவமைப்பின் அடிப்படைகளைக் கணினித் திரையில் காண்பதற்கு முன்பே தறியில் கண்டிருப்பர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்னும் கற்பித்தல் நெறிப்படி, அவ்வறிவைத் தன்விவரக் குறிப்புப் பயிற்சியில் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தன்விவரக் குறிப்பு ஏன்?

சுவரொட்டி, அழைப்பிதழ் ஆகிய பயிற்சிகளில் உள்ளடக்கம் இரவல், அலங்காரமே மேலோங்கும். தன்விவரக் குறிப்பில் உள்ளடக்கம் மாணவருடையது. இடம் 210 × 297 மி.மீ. அளவுள்ள ஓர் ஏ4 தாள். படிப்பவருக்கோ நேரம் குறைவு. எனவே எழுத்தின் அளவு, இடைவெளி, வரிசை ஆகிய ஒவ்வொன்றிற்கும் மாணவர் காரணம் கூற வேண்டியவராகிறார்.

சேலையும் பக்கமும்

அமெரிக்க வடிவமைப்பாளர் ராபின் வில்லியம்ஸ் 1994இல் வெளியிட்ட நூலில் வேறுபாடு, மீள்வு, ஒழுங்கமைவு, அண்மை என நான்கு அடிப்படைகளை வகுத்தார். இவற்றைச் சேலையிலேயே காட்டலாம். உடலின் நிறத்திற்கு மாறாகக் கரை அமைவது வேறுபாடு. ஒரே புட்டா திரும்ப வருவது மீள்வு. புட்டாக்கள் நேர்வரிசையில் நிற்பது ஒழுங்கமைவு. முந்தானையில் வேலைப்பாடு ஒருங்கே செறிவது அண்மை. ஜக்கார்டு தறிக்கான வடிவம் முதலில் கட்டத்தாளில் வரையப்படுகிறது. பின்னர் அட்டையில் துளையுள்ள இடத்தில் பாவு நூல் உயர்கிறது. துளையற்ற இடத்தில் உயர்வதில்லை. பக்க வடிவமைப்பிலும் கட்டமைப்பு முந்தையது, அலங்காரம் பிந்தையது என்பதை இதனால் உணர்த்தலாம். ஆகவே மாணவர் முதலில் செய்திகளை வெறும் உரையாகத் தொகுத்து, கட்டத்தாளில் இடம் வகுத்து, அதன்பின்னரே கணினிக்குச் செல்வது பொருத்தமாகும்.

தமிழ் எழுத்தின் தேவைகள்

தமிழில் இகர, ஈகாரக் குறிகள் மேலெழுகின்றன. உகர, ஊகாரக் குறிகள் கீழிறங்குகின்றன. ஆதலால் ஆங்கிலத்திற்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்கு நெருக்கமாகத் தோன்றும். நீண்ட சொற்களைக் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களிடையே வெற்றிடம் விழும். இடப்புறச் சீரமைவே ஏற்றது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எனவே ஒருங்குறி எழுத்துரு இன்றியமையாதது.

முதலிடம் எதற்கு?

இப்பயிற்சியின் மையம் அழகன்று, முதன்மை வரிசையாகும். எது மேலே, எது பெரிதாக என்பது மாணவர் தம் அனுபவத்திற்குத் தாமே இடும் மதிப்பு. தறிவேலையைத் தகுதியாகக் கருதாத மாணவர் அதனை விட்டுவிடக்கூடும். அல்லது ‘பொழுதுபோக்கு’ என இறுதியில் சேர்க்கக்கூடும். இதனைத் திருத்த, ஒரே மாணவர் இரு பணிகளுக்கு இரு குறிப்புகள் தயாரிக்கலாம். துணி வடிவமைப்புப் பணிக்கான குறிப்பில், அவர் செய்து பழகிய நிறத்தேர்வும் கட்டத்தாள் வரைவும் முதலிடம் பெறும். கணக்குப் பணிக்கான குறிப்பில், வீட்டில் அவர் கவனித்துவந்த நூல் இருப்பும் கூலிக் கணக்கும் முன்வரும். செய்திகள் மாறுவதில்லை, வரிசை மட்டுமே மாறுகிறது. செய்யாததைச் சேர்க்கலாகாது என்னும் நெறியும் இங்கேயே கற்பிக்கப்படும். பின்னர் சக மாணவர் ஒருவர் தாளைச் சில நொடிகள் மட்டும் பார்த்து, நினைவில் நின்றதைக் கூறவேண்டும். அது எழுதியவர் முதன்மையாகக் கருதியதோடு பொருந்தாவிடில் வடிவமைப்பைத் திருத்தவேண்டும்.

முடிவுரை

மதிப்பீட்டில் மென்பொருள் திறனைவிட, எடுத்த முடிவுகளுக்கு மாணவர் கூறும் காரணங்களுக்கு மிகுதியான மதிப்பெண் வழங்குதல் தகும். வடிவமைப்பு என்பது வெளியிலிருந்து பெறப்படும் புதுத்திறன் மட்டுமன்று. வீட்டுத்தறியில் ஏற்கெனவே உள்ள அறிவின் தொடர்ச்சியும் ஆகும் என்பதை மாணவர் உணரும்போது, தறிவேலை அவர்தம் தகுதிப் பட்டியலில் உரிய இடம் பெறும்.