மின்கம்பியும் குழாயும் எட்டாத உயரத்தில்

சுவிட்சர்லாந்தின் செர்மாட் நகருக்கு மேலே, 2,883 மீட்டர் உயரத்தில், பனியாறுகளுக்கு நடுவே ஒரு பாறைமேட்டில் மோண்டே ரோசா மலைக்குடில் நிற்கிறது. அங்கே சாலை போகாது. மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் போகாது. ரயிலில் ரோட்டன்போடன் வரை ஏறி, அங்கிருந்து பல மணி நேரம் நடந்துதான் சேர வேண்டும். வசந்த காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களும் கோடையில் மலையேறிகளும் வந்து தங்குகிறார்கள். 1895 முதலே இங்கு மலையேறிகளுக்கான குடில் உண்டு. இப்போதிருக்கும் 120 படுக்கைகள் கொண்ட கட்டடம் 2009இல் திறக்கப்பட்டது. சூரிச்சில் உள்ள இ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் 150ஆம் ஆண்டையொட்டி, சுவிஸ் ஆல்பைன் கிளப்புடன் சேர்ந்து உருவாக்கியது இது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் கட்டடக் கலைஞர் ஆன்ட்ரியா டெப்லாசஸ்.

ஐந்து தளம் கொண்ட இக்கட்டடம் தூரத்திலிருந்து பார்த்தால் பட்டை தீட்டிய படிகக்கல் போலத் தெரியும். அந்த வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. கட்டடத்தின் வெப்பம் அதன் வெளிப்பரப்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் இடம் மாறாமல் வெளிப்பரப்பு குறைந்தால், இழக்கும் வெப்பமும் குறையும். நீண்டு கிடக்கும் கட்டடத்தைவிட, உருண்டை வடிவை நெருங்கும் கட்டடத்துக்கு இங்கே சாதகம் அதிகம். குளிர்நாட்டில் எரிபொருளைச் சேமிக்கும் வேலை, எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன்பே, வரைபடத்தில் தொடங்கிவிடுகிறது.

சாலை இல்லாத இடத்தில் கட்டுமானப் பொருள் ஒவ்வொன்றும் ஹெலிகாப்டரில்தான் வர வேண்டும். ஆகவே எடை குறைந்த மரமே முதன்மைப் பொருளாயிற்று. மரச்சட்டங்களைக் கணினி இயக்கும் இயந்திரங்களால் பள்ளத்தாக்கிலேயே துல்லியமாக அறுத்து, ஹெலிகாப்டர் தூக்கும் எடைக்குள் பாகங்களாக்கி, மேலே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். மலையில் கட்டுமானத்துக்குக் கிடைப்பது குறுகிய கோடை மட்டுமே என்பதால் இந்த முன்தயாரிப்பு காலத்தையும் மிச்சப்படுத்தியது. பாறையில் சில கான்கிரீட் பீடங்களை மட்டும் அமைத்து, அவற்றின்மேல் எஃகுச் சட்டகம் நிறுத்தி, அதன்மேல் மரக்கட்டடத்தை எழுப்பினார்கள். வெளிப்புறத்தில் பெரும்பகுதி அலுமினியத் தகடு. பனியையும் காற்றையும் கடுமையான புற ஊதாக் கதிரையும் அது தாங்கிக்கொள்கிறது.

உள்ளே படிக்கட்டு, வெளிச்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. அதோடு சேர்ந்து ஒரு கண்ணாடிப் பட்டையும் சூரியன் நகரும் திசையில் கட்டடத்தைச் சுற்றி வருகிறது. அதன் வழியே நுழையும் வெயில் படிக்கட்டுப் பகுதியைச் சூடாக்க, காற்றோட்டக் கருவி அந்தச் சூட்டை மற்ற அறைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. வெளியேறும் காற்றின் வெப்பத்தைப் பறித்து உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுப்பதும் அதே கருவிதான். நூறு பேர் தங்கும்போது அவர்களின் உடல்சூடே கணிசமான வெப்பமாகிவிடும். அதை வீணாக்காமல் வைத்துக்கொள்ள, காற்றுக்கசிவில்லாத, வெப்பக்காப்பு மிகுந்த சுவர்கள் வேண்டும்.

தெற்குச் சுவரில் சூரிய மின்தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. செங்குத்தாக நிற்பதால் அவற்றில் பனி தங்குவதில்லை. கீழே விரிந்திருக்கும் பனிப்பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதும், குளிரில் தகடுகள் இன்னும் திறமையாக இயங்குவதும் கூடுதல் லாபம். வெந்நீருக்குத் தனியே சூரியவெப்பச் சேகரிப்பான்கள் உண்டு. மின்சாரத்தைப் பேட்டரிகளில் சேமிக்கிறார்கள். வெயில் போதாத நாட்களில் மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தரும் ஓர் இயந்திரம் துணைக்கு வரும்.

மின்சாரத்தைவிட நுட்பமான பிரச்சினை தண்ணீர். சுற்றிலும் பனி கிடந்தாலும் ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்தே இருக்கிறது. உருகி ஓடுவது கோடையின் சில மாதங்கள்தான். எனவே குடிலுக்குச் சுமார் 40 மீட்டர் மேலே பாறையைக் குடைந்து, 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி அமைத்தார்கள். கோடையில் அதில் நிரம்பும் நீர், பம்பு இல்லாமலே தானாக இறங்கி வருகிறது. கழிவுநீரையும் அப்படியே மலையில் விட முடியாது. அந்தக் குளிரில் கழிவு மட்க நெடுங்காலம் ஆகும். கீழேயுள்ள ஊர்களின் நீர் இந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. குடிலுக்குள்ளேயே நுண்ணுயிரிகளையும் நுண்வடிகட்டிகளையும் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரித்து, அந்த நீரைக் கழிப்பறைக்கு மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.

இத்தனையையும் கோத்துவைப்பது கட்டுப்பாட்டு மென்பொருள். அது வானிலை அறிக்கையையும் அறைப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கிறது. நாளை நல்ல வெயில் என்றால் இன்றிரவு பேட்டரியைத் தாராளமாகச் செலவழிக்கலாம். மேகமூட்டம் என்றால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்ற, கொஞ்சம் காத்திருக்கக்கூடிய வேலையைத் தள்ளிப்போட்டு, விளக்குக்கும் சமையலறைக்கும் மின்சாரத்தை ஒதுக்கிவைக்கலாம். குடிலின் ஆற்றல் தேவையில் சுமார் 90 சதவீதத்தை அங்கேயே ஈட்டுவது என்பது தொடக்க இலக்கு. ஆனால் குடில் பிரபலமானதும் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். கழிவுநீர் கூடியது, அதைச் சுத்திகரிக்க மின்சாரமும் கூடுதலாகத் தேவைப்பட்டது. திட்டமிட்ட கணக்கைக் கலைத்தது குளிரல்ல, கூட்டம்.

மற்ற மலைகளில் விடை வேறுமாதிரி அமைந்தது. ஆஸ்திரியாவில் 2,154 மீட்டர் உயரத்திலுள்ள ஷீஸ்ட்ல்ஹவுஸ், மிகக் குறைந்த வெப்பமே கேட்கும் 'பாசிவ் ஹவுஸ்' முறையில் கட்டப்பட்ட முன்னோடி மலைவிடுதி. சுண்ணாம்புப் பாறை நீரை உறிஞ்சிவிடுவதால் மழைநீரைச் சேமித்தே அது இயங்குகிறது. பிரான்ஸில் மோன் பிளாங் சிகரத்தின் வழியில், 3,835 மீட்டர் உயரத்தில் 2013இல் திறக்கப்பட்ட கூட்டே குடில் முட்டை வடிவம் கொண்டது. காற்று அதன் மேல் வழுக்கிச் சென்று ஒரு பக்கத்தில் பனியைக் குவிக்கிறது. அந்தப் பனியை உருக்கியே நீர் பெறுகிறார்கள். காற்றை எதிரியாகப் பார்க்காமல் அதனிடமே வேலை வாங்கிய இந்த யோசனை, ஆல்ப்ஸ் கட்டடக் கலையின் மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்று.

இவற்றில் எந்தக் குடிலும் முழுத் தன்னிறைவு பெற்றதல்ல. உணவும் எரிபொருளும் இன்றும் ஹெலிகாப்டரில்தான் ஏறுகின்றன. பனிமலையில் புதிதாக விடுதி கட்டுவோர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எத்தனை பேரின் நீரையும் கழிவையும் அந்த இடம் தாங்கும் என்பதை. படுக்கைகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகு வரட்டும்.