ஜெர்மானியர் இல்லத்தில் முதல் வாரம்

நம் நாட்டு இளைஞர் உயர்கல்வி கருதி ஜெர்மனிக்குச் செல்வது புதிதன்று. நம் குடியரசின் மூன்றாவது தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேன் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று, 1926-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். அக்காலத்தில் அவ்வாறு சென்றோர் தொகை சிறிதே. 2023-24 குளிர்காலப் பருவத்திலோ, அந்நாட்டில் உயர்கல்வி பயின்ற இந்திய மாணவர் ஏறத்தாழ 49,000 பேர். அயல்நாட்டு மாணவருள் தொகையால் முதலிடம் பெற்றவர்கள் அவர்களே. தில்லி கரோல்பாக்கிலும் மும்பை மாதுங்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், 'பையன் ஜெர்மனியில் படிக்கிறான்', 'பெண் அங்கே போகப் போகிறாள்' என்ற பேச்சு இன்று சாதாரணமாகிவிட்டது.

இவர்களுட் பெரும்பாலோர் மாணவர் விடுதிகளிலோ, சிலர் கூடி வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளிலோ தங்குகின்றனர். எனினும் மொழிப்பயிற்சிக் காலத்திலும், விடுதியில் இடம் கிடைக்கும் வரையிலும், ஜெர்மானியக் குடும்பமொன்றோடு சில வாரங்கள் வாழ்பவரும் உளர். பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டங்களின் வாயிலாகச் செல்லும் சிறுவர் சிறுமியரோ பல மாதங்கள் அவ்வாறு வாழ்வர். அத்தகைய வாழ்க்கையின் முதல் ஏழு நாட்கள் எவ்வாறு அமையும், அந்நாட்களில் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதே இவ்வுரையின் பொருள். மாணவன் என்று இங்கே கூறுவன யாவும் மாணவிக்கும் பொருந்தும்.

'விருந்து' என்னும் சொல்லுக்குத் தமிழில் முதற்பொருள் புதுமை என்பதாகும். புதிதாக வந்தவனே விருந்தினன். அவனுக்கு எவ்வித வேலையும் வையாமல், வயிறும் மனமும் நிறையப் பேணுவது நம் மரபு. ஜெர்மானியக் குடும்பத்தாரும் அன்போடுதான் வரவேற்கின்றனர். ஆனால் அவ்வன்பு வேறொரு வழியிற் செல்கின்றது. வந்தவனுடைய புதுமையை விரைவில் நீக்கி, அவனை வீட்டாருள் ஒருவனாக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே முதல் நாள் மாலையிலேயே வீட்டுத் திறவுகோலைக் கையிற் கொடுப்பர். எந்தத் தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டுவர். குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்று விளக்குவர். வாரத்தில் இன்ன நாளில் மேசையைத் துடைப்பது உன் முறை என்றும் சொல்லிவிடுவர். இதன் உட்பொருளை அறியாத மாணவன், 'வந்த அன்றே சட்டம் பேசுகிறார்களே' என்று மனம் சுருங்குவான். அச்சட்டத்தின் வழியாகவே தன்னை உள்ளே அழைக்கிறார்கள் என்பதை அவன் அறிந்திருந்தால், முதல் வாரத்தின் மனத்தாங்கல்களிற் பாதி தோன்றாமலே போகும்.

முதற்சோதனை உணவு மேசையில் நிகழும். பகலில் சூடான உணவும், மாலை ஆறு அல்லது ஏழு மணிக்கு அடுப்பு மூட்டாத உணவும் உண்பது அந்நாட்டின் பழைய வழக்கம். அம்மாலையுணவுக்கு 'ஆபெண்ட்ப்ரோட்' என்று பெயர். மாலை ரொட்டி என்பது அதன் பொருள். புளித்த மாவில் சுட்ட கறுத்த ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, மெல்லியதாகச் சீவிய இறைச்சி, ஊறவைத்த வெள்ளரிக்காய் ஆகியவை மேசை மீது இருக்கும். ரொட்டி அவர்களுக்கு வெறும் சிற்றுண்டியன்று. ஜெர்மானிய ரொட்டிக் கலையை 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆயினும், பிரயாணக் களைப்போடு வந்து, ஆவி பறக்கும் சோற்றை எதிர்பார்த்து அமரும் நம் பிள்ளைக்கு, அன்று அடுப்பே மூட்டவில்லை என்பது சற்றே ஏக்கத்தைத் தரும்.

அவ்வேக்கத்தைப் பசியாக மாற்றிவிடக் கூடியது ஒரு சொல். வீட்டுத் தலைவி, 'இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறாயா?' என்று கேட்பார். நம் வீடுகளில், கேட்டவுடன் 'போதும்' என்பது மரியாதை. மீண்டும் இரண்டு முறை வற்புறுத்துவது உபசாரம். அதன் பிறகு உண்பது முறை. அங்கே கேள்வி பெரும்பாலும் ஒருமுறைதான். 'வேண்டாம்' என்றால் வேண்டாம் என்றே கொள்வர். வற்புறுத்துவதை உன் சொல்லை நம்பாமையாகக் கருதுவர். இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. 'டாங்கெ' என்றால் நன்றி என்று படித்துச் சென்ற மாணவன், கேட்ட அன்புக்கு நன்றியாக 'டாங்கெ' என்பான். உடனே தட்டு அடுத்தவரிடம் போய்விடும்! ஏதேனும் ஒன்றைத் தர முன்வரும்போது தனியே 'டாங்கெ' என்று சொன்னால், 'வேண்டாம், நன்றி' என்பதே வழக்கில் அதன் பொருள். வேண்டுமானால் 'யா, பிட்டெ' என்று சொல்லல் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தலைகீழாகும் என்பதற்கு, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கும் இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

மரக்கறி உணவு மட்டும் உண்போர் அதனை முதல் நாளே, இயன்றால் புறப்படுமுன் கடிதத்திலேயே, விவரமாகத் தெரிவித்துவிடுதல் நலம். மரக்கறி உண்போர் அந்நாட்டிலும் பலர் உண்டாதலின், எவரும் வியப்படையார். ஆனால் காய்கறிச் சூப்பும் சில வேளைகளில் இறைச்சி வேகவைத்த சாற்றிலே தயாராகும் என்பதையும், மீனும் முட்டையும் கொள்ளத்தக்கவையா என்பதையும் தெளிவாகப் பேசிவிட வேண்டும். பேசாமல் தட்டில் ஒதுக்கிவைப்பதே அவர்களுக்கு வருத்தம் தரும்.

இவ்வாறு ஒளிவின்றிப் பேசுதல் உணவோடு நிற்பதில்லை. 'காலையில் குளியலறையில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாய்; எனக்கு ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும்' என்று வீட்டுத் தலைவர் நேருக்கு நேர் சொல்லக்கூடும். சொல்லிவிட்டு, அடுத்த கணமே, 'இன்று பேருந்து நிலையம் வரை உடன் வரட்டுமா?' என்றும் கேட்பார். நாம் இத்தகைய செய்தியை மூன்றாமவர் வாயிலாகவோ, குறிப்பாலோ தெரிவிப்போம். அங்கே குறையைச் சொல்வது குறையோடு முடிந்துவிடுகிறது. சினம் அதில் இல்லை. மாணவனும் அவ்வாறே, 'அறை குளிராக இருக்கிறது', 'மெதுவாகப் பேசினால் எனக்குப் புரியும்' என்று சொல்லலாம்; சொல்லவே வேண்டும். கேட்டால்தான் உதவுவார்கள் என்பதைக் கல்மனம் என்று எண்ணலாகாது. கேளாத உதவியைச் செய்வது பிறர் காரியத்தில் தலையிடுவதாகும் என்று அவர்கள் தயங்குகின்றனர்.

விளிக்கும் முறையிலும் ஒரு வரம்பு உண்டு. இந்தி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு, 'ஆப்', 'தும்', 'தூ' என்னும் மூன்றையும் இடமறிந்து பயன்படுத்துதல் பழகிய காரியம். ஜெர்மன் மொழியில் 'ஸீ' என்பது மரியாதைக்கும், 'டூ' என்பது நெருக்கத்துக்கும் உரியன. தாயையும் தெய்வத்தையும் நாம் 'நீ' என்பதுபோலவே அவர்களும் 'டூ' என்கின்றனர். மாணவர் தம்முள் 'டூ' என்றே பேசுவர். பேராசிரியரையும் அலுவலரையும் 'ஸீ' என்பர். வீட்டுப் பெரியவர்களை முதலில் 'ஸீ' என்று அழைத்தல் தக்கது. 'என்னை டூ என்றே கூப்பிடு' என்று மூத்தவரே சொல்வது வழக்கம். குடும்பத்தோடு தங்கும் மாணவனுக்கு இவ்வனுமதி பெரும்பாலும் முதல் நாளே கிடைத்துவிடும். அதன் பின்னரும் 'ஸீ' என்றே கூறிக்கொண்டிருந்தால், அது மரியாதையாகத் தோன்றாமல் விலகி நிற்பதாகத் தோன்றும்.

இனி, வீட்டு நியமங்கள். வாயிலிற் காலணியைக் கழற்றுவது நமக்குப் புதிதன்று. அங்கே பல வீடுகளில் உள்ளே அணிவதற்கென்று தனிச் செருப்பு உண்டு. குளிர்காலத்திலும் நாளுக்கு இருமுறை மும்முறை சன்னலை அகலத் திறந்து, சில நிமிடங்களில் மூடுவர். குளிரை வரவழைக்கிறார்களே என்று நாம் நினைப்போம். உள்ளே தங்கும் ஈரம் சுவரிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும் என்பதே இதன் காரணம். காகிதத்துக்கு ஒரு தொட்டி, உணவுக் கழிவுக்கு ஒன்று, பொட்டலமாக வந்த பிளாஸ்டிக், தகரம் முதலியவற்றுக்கு மஞ்சள் நிறத் தொட்டியோ பையோ ஒன்று, எஞ்சியவற்றுக்கு ஒன்று எனக் குப்பை பிரிகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பானப் புட்டிகளுக்கு 2003-ஆம் ஆண்டு முதல் 25 சென்ட் முன்பணம் வாங்கப்படுகின்றது; காலிப் புட்டியைக் கடையிலுள்ள பொறியில் இட்டால் அப்பணம் திரும்பும். நம் மாணவர் மிக விரைவில் கற்றுக்கொள்ளும் நியமம் இதுவே என்பர்!

ஞாயிற்றுக்கிழமை தனியே கூறத்தக்கது. அன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும், சில மணி நேரம் ரொட்டிக் கடைகளுமே திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் காக்கும் விதி 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பில் எழுதப்பட்டு, 1949-இன் அடிப்படைச் சட்டத்திலும் இடம்பெற்றது. ஆகவே அன்று சுவரில் ஆணி அடித்தலும், தெருவிலுள்ள தொட்டியிற் கண்ணாடிப் புட்டிகளை ஓசைபட எறிதலும் ஆகா. சனிக்கிழமை இரவு வந்திறங்கும் மாணவனுக்கு இவ்வமைதி துயரமூட்டும். ஆனால் பிற்பகலில் காப்பியும் கேக்குமாகக் குடும்பம் கூடி அமர்ந்து பேசுவதும், பிறகு காட்டுவழியே நெடுந்தூரம் நடப்பதும் அன்றுதான். மொழிப் புத்தகத்தில் இல்லாத ஜெர்மன் மொழி அந்நடையிலே காதில் விழும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் ஊர்க்கதை பேசும் மாணவன் அதனை இழக்கிறான்.

திங்கட்கிழமை அலுவலகக் காரியங்கள் தொடங்கும். குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். வீடு கொடுத்தவர் கையொப்பமிட்ட சான்று அதற்குத் தேவை. 2015 நவம்பர் முதல் இது சட்டம். இதனோடு சேர்ந்த சிறு காரியம் ஒன்று உண்டு, பலர் அறியாதது. அந்நாட்டு அடுக்கு வீடுகளுக்குக் கதவு எண் பெரும்பாலும் இல்லை. தபால்காரர் பெட்டியின்மேல் உள்ள பெயரைப் பார்த்தே கடிதம் போடுவார். பெயர் இல்லையேல் கடிதம் திரும்பிவிடும். வங்கி அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி எண் ஆகியன தபாலில் வருபவை. எனவே குடும்பத்தார் பெயருக்குக் கீழே தன் பெயரையும் ஒட்டும்படி மாணவன் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றே. குடும்பம் செலுத்தி வருமாயின் மாணவன் தனியே செலுத்த வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தில் நேரம் பற்றிய ஒரு வேடிக்கை உண்டு. நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்ற நாட்டில், பாட அட்டவணையிற் பத்து மணி என்றிருக்கும் வகுப்பு பத்தே கால் மணிக்குத் தொடங்கும்! மணிக்கு அருகில் 'சி. டி.' என்ற லத்தீன் குறியிருந்தால் இப்பொருள். முடிவில் மாணவர் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டுவர். இக்கால்மணிச் சலுகை வகுப்புக்கு மட்டுமே. மாலை ஏழு மணி உணவுக்கு ஏழே காலுக்கு வருதல் வீட்டாரை அவமதிப்பதாகும். தாமதமாயின் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

வாரக் கடைசியில், 'நான் ஒரு நாள் சமைக்கட்டுமா?' என்று மாணவன் கேட்பானாயின், வீட்டாருக்கு அது பெருமகிழ்ச்சி. மிளகாயைக் குறைத்து ஒரு ரசமும் உருளைக்கிழங்குக் கறியும் போதும். ஆனால் தாளிக்குமுன் கதவைச் சாத்திச் சன்னலைத் திறந்துவிடுதல் நன்று. வீடுகளிற் புகையறியும் கருவி வைப்பது அந்நாட்டிற் சட்டக் கட்டாயம். கடுகும் வற்றல் மிளகாயும் எழுப்பும் புகைக்கு அது கூச்சலிடும்!

இறுதியாகப் பெற்றோர்க்குச் சில சொற்கள். கோடையில் நமக்கும் ஜெர்மனிக்கும் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி நேர வேறுபாடு. அங்கே மாலையுணவு முடியும் வேளையில் இங்கே நள்ளிரவு நெருங்கும். 'சாப்பிட்டாயா?' என்று கேட்பதற்காக அந்த உணவு நேரத்தில் அழைத்தால், அவன் மேசையை விட்டு எழ நேரும். பணத்தைப் பொறுத்தவரை, 2024 செப்டம்பரில் விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ என்று வகுக்கப்பட்டது. இத்தொகை அவ்வப்போது மாறும். இதில் மாதப் பகுதி மட்டுமே கைக்கு வரும். ஆகவே முதல் வாரச் செலவுக்கெனத் தனியே சிறிது கொடுத்தனுப்புக. தில்லி, மும்பை, கொல்கத்தா, புணே, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களிலுள்ள மாக்ஸ் முல்லர் பவனில் மொழி பயின்று செல்லுதல் மிகுந்த நன்மை தரும். அதனினும் முக்கியமாக ஒன்று சொல்லியனுப்புக: பசித்தால் பசிக்கிறது என்று சொல், புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், கொடுத்த வேலையை முகம் சுளிக்காமல் செய். மொழி தெரியாத நகரத்தில் வந்திறங்கி, அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கேட்டே குடித்தனம் நடத்தப் பழகிய பெற்றோர் சொன்னால், அச்சொல்லைப் பிள்ளைகள் மறவார்.