விளைநிலங்களில் காட்டு விலங்குகளின் கால்தடங்களை அடையாளம் காணல்

கால்தடம் என்பது ஒரு விலங்கின் பாதமோ குளம்போ நிலத்தில் பதிந்து உண்டாகும் அச்சு ஆகும். காட்டு விலங்குகள் பல இரவிலும் அந்தி, விடியல் வேளைகளிலும் நடமாடுகின்றன. ஆதலால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பயிர் செய்வோர் விலங்கைக் காண்பதைவிட அதன் தடத்தைக் காண்பதே மிகுதி. நாயின் தடத்தைச் சிறுத்தையுடையது என்று கணித்தால் ஊரே வீணாக அஞ்சும். சிறுத்தையின் தடத்தை நாய் என்று விட்டுவிட்டால் பட்டியில் ஆடு மிஞ்சாமல் போகலாம்.

சிறுத்தையா, நாயா?

காட்டோர ஊர்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இரண்டின் தடத்திலும் நான்கு விரல்களும் அவற்றின் பின்னே ஒரு பெரிய திண்டும் பதியும். பூனைக் குடும்பத்து விலங்குகள் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் சிறுத்தையின் தடத்தில் பொதுவாக நகக்குறி இராது. நாய், நரி, செந்நாய் ஆகியவற்றின் தடத்தில் விரல் நுனிக்கு முன்னால் அது புள்ளியாகத் தெரியும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுவதே தவறுக்கு இடமாகிறது. சேற்றில் வழுக்கும் சிறுத்தை நகத்தை ஊன்றக்கூடும். கெட்டித் தரையில் நாயின் நகம் பதியாமலும் போகும். திண்டின் வடிவம் இதைவிட நம்பத்தக்கது. சிறுத்தையின் திண்டு விரல்களை நோக்கப் பெரியது. அதன் பின்விளிம்பு மூன்று மடல்களாக இருக்கும். நடுவிரல் இரண்டில் ஒன்று மற்றதைவிடச் சற்று முன்னே நிற்பதால் தடம் ஒரு பக்கம் சாய்ந்தது போல் தோன்றும். நாயின் தடத்தில் இடம், வலம் இரண்டும் ஒத்திருக்கும். விரல்களுக்கும் திண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் ஒரு பெருக்கல் குறியை வரைய முடியும்.

வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏறத்தாழ 7 முதல் 9 செ.மீ. அகலம் இருக்கும். காட்டுப்பூனையின் தடம் அதில் ஏறத்தாழ பாதி. நகக்குறியுடன் பெரிய தடமாக இருந்து, முன்கால் தடம் பின்கால் தடத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாகவும் இருந்தால் கழுதைப்புலியாக இருக்கலாம்.

குளம்புத் தடங்கள்

காட்டுப்பன்றியின் குளம்பு முனை மழுங்கியது. குளம்பு அச்சின் பின்னே, இருபுறமும் சற்று விலகி, இரண்டு சிறு குளம்புகளின் குறி பதியும். மானுக்கும் அச்சிறு குளம்புகள் உண்டு. எனினும் ஓடும்போதோ ஆழ்ந்த சேற்றிலோதான் அவை பதியும். புள்ளிமானின் தடம் ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். கடமானின் தடம் அதே சாயலில் பெரியது. ஆட்டின் தடத்தையும் புள்ளிமானின் தடத்தையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கும் எளிதன்று. அங்கே தடத்தைவிடச் சேதமே உதவும். நிலக்கடலைச் செடியோடு மண்ணும் கிளறப்பட்டிருந்தால் பன்றி. கொழுந்து மட்டும் கடிபட்டிருந்தால் மானோ ஆடோ. தென்னங்கன்றின் அடி குடையப்பட்டு, அருகில் முள் கிடந்தால் முள்ளம்பன்றி என்று தடமே இல்லாமலும் சொல்லிவிடலாம்.

யானை

யானையின் தடத்தை வேறெதனோடும் குழப்ப வழியில்லை. முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும், சுற்றளவு 1.2 மீட்டர் என்றால் உயரம் 2.4 மீட்டர். பெரிய தடங்களுக்கு இடையே சிறு தடம் இருந்தால் கன்றுடன் கூடிய கூட்டம் வந்திருக்கிறது. அந்த வரப்பில் இரவுக் காவலுக்குத் தனியே போவதைத் தவிர்க்க வேண்டும்.

தடத்தை நம்பும் எல்லை

ஒடிசாவைச் சேர்ந்த வன அலுவலர் எஸ். ஆர். சௌத்ரி 1960களில் உருவாக்கிய முறைப்படி, தடங்களைக் கண்ணாடித் தகட்டில் வரைந்தும் அச்செடுத்தும் இந்தியாவில் புலிகள் நெடுங்காலம் எண்ணப்பட்டன. இராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது 2005இல் வெளியானபின், இம்முறை மேலும் நம்பிக்கை இழந்தது. தானியங்கிக் கேமராக்களைப் பயன்படுத்தும் கணக்கெடுப்பு வந்தது. ஒரே விலங்கின் தடம் புழுதியில் ஒரு வடிவிலும் ஈரமண்ணில் வேறொரு வடிவிலும் அமையும். சேற்றில் விரிந்து பெரிதாகவும் தோன்றும். ஆகவே ஒற்றைத் தடத்தை வைத்து முடிவு செய்யாமல், வாய்க்கால் ஓரமும் வரப்பும் பார்த்து அடுத்தடுத்த தடங்களையும் எச்சத்தையும் தேட வேண்டும்.

விளிம்பு கூராக நின்றால் தடம் புதியது. விளிம்பு உதிர்ந்து, மேலே பூச்சி ஊர்ந்த கோடுகளோ மழைத்துளிக் குழிகளோ இருந்தால் பழையது. புதிய தடம் புதருக்குள் சென்றால் பின்தொடரக் கூடாது.

பதிவு செய்தல்

வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ, தடத்தின் அருகில் அளவுகோலோ நாணயமோ வைத்து, நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கோருவோர் சேதத்துடன் தடத்தையும் படம் பிடித்து, வனத்துறையினர் வந்து பார்க்கும்வரை அந்த இடத்தில் நீர் பாய்ச்சாமலும் உழாமலும் விட்டுவைப்பது நல்லது. ஒரு பழைய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்தாலே தடம் காற்றுக்கும் தூறலுக்கும் அழியாமல் இருக்கும்.