வேதபாட வகுப்பும் வேட்டவலத்துப் பிள்ளைகளும்

1896 ஆகஸ்ட் கடைசியில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். வழிச்செலவுக்கு அவன் எடுத்துக்கொண்டது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இருந்த 5 ரூபாயில் 3 ரூபாய். பின்னாளில் ரமண மகரிஷியான அவரைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவர் கடைசியாகப் படித்தது அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பாதிரிமார் நடத்திய பள்ளி, கல்லூரி பெஞ்சுகளில் இந்துப் பிள்ளைகளே நிறைந்திருந்த காலம் அது. ஆனால் எந்த இந்துப் பிள்ளைகள்? கல்லூரிக்கென்று 5 ரூபாயை எடுத்துவைக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள்.

அன்றைய கத்தோலிக்கக் கல்லூரிக்கு நல்ல சாட்சி திருச்சி தூய வளனார் கல்லூரி. சேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலமும் கணக்கும் கற்கப் பிராமணப் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். 1890களில் அவர்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் ஊர் கொதித்தது. வீட்டில் இடமற்றுப்போனவர்கள் குடியிருக்க உருவானதுதான் செயின்ட் மேரீஸ் தோப்பு. பிள்ளை பட்டத்தோடு திரும்புவானா, சிலுவையோடு திரும்புவானா என்ற பயம் பெற்றோருக்கு இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மகன் போய்விட்டால் அந்த வீட்டுக்கு அது பேரிழப்பு.

அறுபது வருடம் கழித்து அதே கல்லூரி விடுதியில் ராமேசுவரத்து இஸ்லாமியப் பையன் ஒருவன் தங்கினான். அப்துல் கலாமின் அறைத்தோழர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவர். கலாம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராக இருந்ததும், விடுதிப் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிபர் தந்தை கலத்தில் என்பவரை விருந்துக்கு அழைத்ததும் அவரே தன்வரலாற்றில் எழுதியவை. 1954இல் அவர் பட்டம் பெற்று வெளியே வந்தார். மதம் அங்கே ஒருவரையும் பிரிக்கவில்லை.

இதனால்தான், கத்தோலிக்கக் கல்லூரிகளில் இன்று எல்லா மதத்தாரும் படிக்கிறார்கள் என்பதைப் புதுமையாகச் சொல்லும்போது எனக்கு உடன்பாடில்லை. அது அன்றும் இருந்தது. அன்று இல்லாதவர்கள் சேரிப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், பெண்கள்.

திருவண்ணாமலை ஊருக்குள் அரசு கலைக் கல்லூரி வந்ததே 1966இல். அதற்கு முன் பட்டம் வேண்டுமென்றால் வேலூர் ஊரிசு கல்லூரிக்கோ, சலேசிய சபையார் 1951இல் திறந்த திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரிக்கோ போக வேண்டும். பஸ்ஸுக்கும் விடுதிக்கும் காசு உள்ளவர்கள் போனார்கள்.

இன்று திருவண்ணாமலை மாவட்டத்து வேட்டவலத்திலேயே சேசு சபையாரின் லயோலா கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் மல்லாட்டை போடும் மானாவாரி நிலம். வேலை இல்லாத மாதங்களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு, ஃபாதர் நடத்தும் கல்லூரி என்றால் முதலில் தோன்றுவது மதமாற்ற பயம் அல்ல. ஒழுங்காக வகுப்பு நடக்கும், பத்திரமாக வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கை.

மதம் அங்கிருந்து போய்விடவில்லை, போகவும் வேண்டாம். சிற்றாலயம் உண்டு, விழாக்கள் ஜெபத்தோடு தொடங்கும். கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு நன்னெறி வகுப்பு என்பது இக்கல்லூரிகளில் பரவலான ஏற்பாடு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் ஒருவரை அவர் சம்மதமின்றி மதபோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(3)ஆவது பிரிவு. கல்லூரியை நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருவது 30ஆவது பிரிவு. இரண்டும் சேர்ந்து நிற்பதுதான் நம் நாட்டின் அழகு என்று நான் நினைக்கிறேன்.

பெரிய கேள்வி வேறு. தலித் கிறித்தவரைக் குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் சர்ச்சுக்கும் போனால் இருவருக்கும் ஒதுக்கீடு வேறு. அரசு கைவிட்ட அந்தப் பிள்ளையை முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டியது கத்தோலிக்கக் கல்லூரிதான். சாதி பார்த்து இருக்கையும் கல்லறையும் பிரித்த பழி திருச்சபைக்கே உண்டு என்பதால் இந்தக் கடமை இரட்டிப்பு. அதற்குத் தடையாக இருப்பது கட்டணம். இப்போது வரும் கல்லூரிகளுக்கு அரசு ஊதிய மானியம் இல்லை, எல்லாம் சுயநிதி. அன்று 5 ரூபாய் செய்த வேலையை இன்று செமஸ்டர் கட்டணம் செய்துவிடக்கூடாது.

பெங்களூரில் 1882இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 2022இல் பல்கலைக்கழகமாகிவிட்டது. தமிழகத்திலும் நாளை அப்படி நடக்கலாம். அதற்கு முன் நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் ஒன்று செய்யட்டும். ஆண்டுதோறும் சேர்க்கை முடிந்ததும், முதல் தலைமுறை மாணவர் எத்தனை பேர், தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கட்டணச் சலுகை பெற்றவர் எத்தனை பேர் என்று வாசலில் எழுதி ஒட்டட்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரும் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கட்டும்.