ஐந்தாம் முயற்சி

ஆடுகளத்தில் ஈட்டிய வெற்றியை இரண்டு நாள் கழித்து எதிரணிக்கே திருப்பிக் கொடுத்த கல்லூரி உண்டோ என்று எம் மாணவர் சிலர் ஒருமுறை வினவினர். உண்டு. அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரில் அமைந்துள்ள கார்னெல் பல்கலைக்கழகமே அது. அதன் அணி 1940ஆம் ஆண்டு ஆடிய ஆட்டங்களின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அமெரிக்கர் கால்பந்து என வழங்குவது நம் திடல்களில் ஆடப்பெறும் கால்பந்தன்று. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. காலுக்கு அதில் வேலை குறைவே. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் பத்து கெஜமேனும் முன்னேறுதல் வேண்டும். அல்லது எல்லைக்கோட்டைக் கடத்தல் வேண்டும். இயலாதாயின் பந்து எதிரணிக்கு உரியதாகும். கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். அதன்பின் உதைக்கும் பந்து கம்பங்களுக்கு இடையே சென்றால் மேலும் ஒன்று. களத்திலிருந்து நேரே உதைத்துக் கம்பங்களிடையே செலுத்தினால் மூன்று.

கார்ல் ஸ்னேவ்லி என்பார் பயிற்றுவித்த கார்னெல் அணி, அவ்வாண்டு கோல்கேட்டை 34-0 எனவும், தரைப்படைக் கல்லூரியை 45-0 எனவும், வலிமை மிக்க ஒஹாயோ மாநில அணியை 21-7 எனவும் வென்றது. சில வாரங்கள் நாட்டின் முதலணி என்றே தரவரிசையில் நின்றது. தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோல்வியே காணாத பெருமிதத்துடன், 1940 நவம்பர் 16 சனிக்கிழமையன்று, ஹானோவர் நகரில் டார்ட்மத் கல்லூரி அணியை எதிர்கொண்டது.

எளிதில் வெல்லலாம் என்று எண்ணியோர் ஏமாந்தனர். இறுதிப் பகுதியில் டார்ட்மத் மூன்று புள்ளிகள் பெற்று முந்தியது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத நிலையில் கார்னெல் எல்லைக்கோட்டுக்கு ஆறு கெஜம் அருகே வந்தது. மூன்று முறை பந்தை ஏந்தி ஓடியும் கோட்டைக் கடக்க இயலவில்லை. பின்னர், தாமதம் செய்தமைக்காக ஐந்து கெஜம் பின்தள்ளப்பட்டது. நான்காம் முயற்சியில் எறிந்த பந்து எவர் கையிலும் சேராமல் வீழ்ந்தது. நியாயப்படி பந்து டார்ட்மத்துக்கு உரியது. ஆனால் நடுவர் ஃப்ரீசெல் எண்ணிக்கை தவறி, கார்னெலுக்கே பந்தைத் தந்தார். இறுதி நொடிகளில் ஷோல் எறிந்த பந்தை மர்ஃபி பற்றினார். 7-3 எனக் கார்னெல் வென்றதாக அறிவிக்கப்பெற்றது.

ஸ்னேவ்லி தம் அணியின் ஆட்டங்களைப் படச்சுருளில் பதிவு செய்து ஆராயும் வழக்கமுடையவர். அவ்வழக்கமே இங்குச் சான்றாயிற்று. படத்தை ஓட்டிப் பார்த்தபோது ஐந்து முயற்சிகள் ஐயமின்றித் தெரிந்தன. நடுவரும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். எனினும் ஆட்டம் முடிந்தபின் முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. சட்டப்படி வெற்றி கார்னெலிடமே இருந்தது. வாய்மூடி இருந்தாலே போதும். நம் பெரியோர் அமானிதம் என்று கூறுவது இத்தகைய இடத்தைத்தான் என்பது எம் கருத்து. பிறர் பொருள் தம் கையில் வந்து சேர்ந்தது. கேட்டுப் பெறும் வழி உரியவருக்கு இல்லை.

நவம்பர் 18 அன்று கார்னெல் தந்தி அனுப்பி வெற்றியை விட்டுக்கொடுத்தது, டார்ட்மத் ஏற்றுக்கொண்டது. முடிவு 3-0 எனப் பதிவாயிற்று. அப்போதைய கார்னெல் தலைவர் எட்மண்ட் எஸ்ரா டே, 1905இல் டார்ட்மத்தில் பட்டம் பெற்றவர். பழைய கல்லூரிக்குப் பரிந்தார் என்று பழிப்போர் இருக்கக்கூடும் என்பதை அவர் அறியாதவரல்லர், ஆயினும் தயங்கவில்லை.

இதற்குக் கைம்மாறாக வானம் ஏதும் பொழிந்துவிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் பென்சில்வேனியா அணியிடம் 20-22 எனக் கார்னெல் மீண்டும் தோற்றது. ஆறு வெற்றி, இரண்டு தோல்வி என்ற கணக்குடன் அவ்வாண்டு முடிந்தது.

அரை நூற்றாண்டு கழிந்து, 1990 அக்டோபரில், மிசௌரி அணிக்கு எதிராகக் கொலராடோ அணியும் இவ்வாறே பிழையாகக் கிட்டிய ஐந்தாம் முயற்சியால் 33-31 என வென்றது. அவ்வணி வெற்றியைத் திருப்பித் தரவில்லை. அவ்வாண்டின் தேசிய முதன்மைப் பட்டத்தையும் ஜார்ஜியா டெக் அணியுடன் பகிர்ந்து கொண்டது.