கிணற்றுக்குள் உறங்கிய பூதம்

1828-ம் ஆண்டு. கிழக்கு சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரம். ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்த ஃபியோதர் ஷெர்கின் ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். தேவை தண்ணீர், வேறு எந்த நோக்கமும் இல்லை. மேல்மண்ணைத் தாண்டியதுமே மண் கல்லாக இறுகியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஊற்று கண் திறக்கும் என்ற நம்பிக்கையில் தோண்டிக்கொண்டே போனார்கள். 1837-ல் வேலையை நிறுத்தியபோது ஆழம் 116 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 380 அடி. போர் போடும் லாரி இல்லாத காலத்தில், மனிதக் கைகள் தோண்டிய ஆழம் அது. அத்தனைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊறவில்லை. அடிவரைக்கும் உறைந்த மண்.

கிணறாகத் தோற்ற அந்தக் குழி, அறிவியலுக்குப் புதையலானது. 1840-களில் அலெக்சாண்டர் மிடென்டார்ஃப் என்ற ஆய்வாளர் அதற்குள் வெப்பநிலையை அளந்தார். அடி ஆழத்திலும் அது உறைநிலைக்குக் கீழேதான் இருந்தது. பூமிக்கடியில் இவ்வளவு ஆழத்துக்கு நிலம் உறைந்து கிடக்கும் என்பதை ஐரோப்பிய அறிவுலகம் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ‘ஷெர்கின் கிணறு’ இன்றும் யாகூத்ஸ்கில் பாதுகாக்கப்படுகிறது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று நாம் சொல்வோம். ஷெர்கின் வெட்டிய கிணற்றிலும் பூதம் இருந்தது. அன்றைக்கு அது ஆழ்ந்த உறக்கத்தில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போதுதான் புரண்டு படுக்கிறது.

பெயரில் மட்டும் நிரந்தரம்

ரஷ்யர்கள் இந்த நிலத்துக்கு வைத்த பெயர் ‘வேச்னயா மெர்ஸ்லதா’, அதாவது என்றென்றைக்குமான உறைவு. 1943-ல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கையேடு எழுதிய சைமன் முல்லர் என்ற புவியியலாளர், ஆங்கிலத்தில் ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்ற சொல்லை உருவாக்கினார். அதிலும் நிரந்தரம் ஒட்டிக்கொண்டது. ஆனால், அறிவியல் வரையறை அவ்வளவு பெருமை பேசுவதில்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் அல்லது அதற்குக் கீழே இருக்கும் மண்ணோ பாறையோ எதுவானாலும் அது உறைநிலம்தான்.

வட அரைக்கோள நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த உறைநில மண்டலத்துக்குள் வருகிறது. சைபீரியா, அலாஸ்கா, வட கனடா, திபெத் பீடபூமி என்று அது விரிந்து கிடக்கிறது. ரஷ்யாவின் நிலத்தில் பாதிக்கு மேல் உறைநிலம். யாகூத்ஸ்க் நகரம் இருக்கும் யாகூத்தியாவின் வடக்கில் அதன் தடிமன் சில இடங்களில் 1,500 மீட்டர் வரை போகிறது.

அதன் மேற்பரப்பில் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் சில அடி மண் இளகும். குளிர்காலத்தில் மறுபடி இறுகும். புல்லும் பாசியும் லார்ச் மரங்களும் வேர்விடுவது அந்த மெல்லிய அடுக்கில்தான். கோடையில் இளகும் ஆழத்துக்கும் குளிர்காலத்தில் இறுகும் ஆழத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரு சமன்பாடு இருந்தது. வட துருவப் பகுதி 1979-லிருந்து உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வருவதால், அந்தச் சமன்பாடு குலைகிறது.

இங்கே ஒரு சொல்லைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பனிப்பாறை உருகும், உறைநிலம் இளகும். இரண்டும் ஒன்றல்ல. கோடையில் நாள் முழுக்க கரண்ட் போனால் ஃப்ரீசரில் ஐஸ் கட்டி உருகித் தண்ணீராகிறது, அதோடு முடிந்தது. பக்கத்தில் இருக்கும் மீன் தண்ணீராவதில்லை. இளகுகிறது, பிறகு நாறத் தொடங்குகிறது. உறைநிலத்தின் கதை இந்த மீனின் கதை.

வயல் சேற்றில் பார்த்த குமிழி

செடி வளரும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துத் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. செத்து மட்கும்போது அந்தக் கரிமம் காற்றுக்கே திரும்புகிறது. உறைநிலத்தில் இந்த இரண்டாம் பாதி நடக்கவில்லை. புல், வேர், இலை, விலங்கின் எலும்பு எல்லாம் மட்குவதற்கு முன்பே உறைந்து, அடுத்தடுத்து வந்த புழுதியில் புதைந்துபோயின. மாமத் யானைகள் மேய்ந்த காலத்துப் புல்வேர்கள் அப்படியே கிடக்கின்றன.

எவ்வளவு பத்திரமாக? சைபீரியாவின் கோலிமா ஆற்றங்கரையில் பனியுகத்து அணில் வளைக்குள் 32,000 ஆண்டுகளாகப் புதைந்திருந்த காயின் திசுவிலிருந்து, ரஷ்ய விஞ்ஞானிகள் ஒரு செடியை வளர்த்து 2012-ல் அறிவித்தார்கள். அது வெள்ளைப் பூ பூத்தது, விதையும் கொடுத்தது.

இப்படிச் சேர்ந்த சேமிப்பு எவ்வளவு என்பதை ஐ.நா-வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2019-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வடபுல உறைநில மண்ணில் 1.46 லட்சம் கோடி முதல் 1.6 லட்சம் கோடி டன் வரை கரிமம் இருக்கிறது. இன்று வளிமண்டலம் முழுவதிலும் இருக்கும் கரிமத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மண் இளகியதும் நுண்ணுயிர்கள் பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன. காற்றோட்டம் உள்ள இடத்தில் அவை தின்றுவிட்டு வெளியே விடுவது கரியமில வாயு. தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் மீத்தேன். நடவுக்குத் தயாரான வயலில் கால் வைத்தவர்களுக்குச் சேற்றிலிருந்து கொப்புளித்து வரும் குமிழிகள் பழக்கமானவை. அதில் இருப்பதும் மீத்தேன்தான். அதைச் செய்வதும் அதே குலத்து நுண்ணுயிர்கள்தான். அலாஸ்காவின் ஏரிகளில் குளிர்காலப் பனித்தளத்துக்கு அடியில் இந்தக் குமிழிகள் சிக்கி நிற்கும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கேட்டி வால்ட்டர் ஆன்டனி பனியில் துளையிட்டுத் தீக்குச்சியைக் காட்ட, ஆளுயரத்துக்கு மேல் நெருப்பு எழும் காட்சி உலகப் புகழ் பெற்றது.

மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே தங்கும். ஆனால், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். ஆக, மண் எந்த அளவுக்கு இளகுகிறது என்பதோடு, ஈரமாக இளகுகிறதா காய்ந்து இளகுகிறதா என்பதும் முக்கியம்.

நிலம் வாய் பிளந்த இடம்

யாகூத்தியாவின் வடக்கே படகாய் என்ற ஊர். 1960-களில் அதன் அருகே காட்டின் ஒரு பகுதியை அழித்தார்கள். நிழலும் பாசிப் போர்வையும் போனதும் வெயில் நேரடியாக மண்ணில் இறங்கியது. மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருக, மேல்நிலம் சரிந்தது. சரிந்த இடத்தில் புதிய பனிச்சுவர் வெயிலுக்கு முகம் காட்ட, அதுவும் சரிந்தது. இன்றைக்கு அது சுமார் ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளம். உள்ளூர்க்காரர்கள் பாதாளத்தின் வாசல் என்கிறார்கள். அதன் அடியில் வெளிப்பட்டிருக்கும் உறைமண் சுமார் 6.5 லட்சம் ஆண்டுப் பழைமை கொண்டது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். எத்தனையோ வெப்ப யுகங்களைத் தாங்கி நின்ற மண்ணைத் திறந்துவிட, ஒரு தலைமுறை மரம் வெட்டியது போதுமானதாக இருந்தது.

இதே வட்டாரத்தில்தான் வெர்கயான்ஸ்க் நகரம் இருக்கிறது. 1892-ல் மைனஸ் 67.8 டிகிரி பதிவான ஊர். 2020 ஜூன் 20 அன்று அங்கே 38 டிகிரி அடித்தது. துருவ வட்டத்துக்கு வடக்கே பதிவான மிக உயர்ந்த வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது.

யாகூத்தியாவின் சாகா மக்களுக்கு நிலம் அமுங்குவது புதிய விஷயமல்ல. பழங்காலத்தில் உறைநிலம் இளகி அமுங்கிய வட்டமான பள்ளங்களை அவர்கள் ‘அலாஸ்’ என்பார்கள். நடுவே ஏரி, சுற்றிலும் புல்வெளி. அவர்களின் குதிரைகளும் மாடுகளும் பிழைத்து வந்தது அந்தப் புல்லில்தான். வீட்டுக்கு அடியில் உறைநிலத்தைக் குடைந்து, கோடையிலும் இறைச்சியையும் குடிநீர்ப் பனிக்கட்டியையும் அதில் பத்திரப்படுத்துவார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்து உருவானவை அந்தப் பள்ளங்கள். இன்றோ, ஒருவர் தன் ஆயுளுக்குள்ளேயே தன் வயல் மேடும் பள்ளமுமாக மாறுவதைப் பார்க்கிறார்.

தூண்கள் மேல் ஒரு நகரம்

மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் யாகூத்ஸ்கில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தரையில் உட்காருவதில்லை. உறைநிலத்துக்குள் இறக்கிய கான்கிரீட் தூண்கள்மேல் நிற்கின்றன. தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி. வீட்டுக்குள் மூட்டும் கணப்பின் சூடு மண்ணுக்கு இறங்கினால் மண் இளகும், வீடு சரியும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வீட்டின் சூட்டைத் தடுக்கத் தெரிந்த பொறியாளர்கள், வானத்தின் சூட்டுக்கு என்ன செய்வார்கள்?

2020 மே 29 அன்று, ரஷ்யாவின் நரீல்ஸ்க் நகரில் எரிபொருள் தொட்டி ஒன்றின் தாங்குதூண்கள் அமிழ்ந்து, சுமார் 21,000 டன் டீசல் மண்ணிலும் ஆற்றிலும் கொட்டியது. தொட்டிக்குச் சொந்தமான நிறுவனம் உறைநிலம் இளகியதைக் கைகாட்டியது. கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் இருந்த குறைகளை விசாரணை சுட்டிக்காட்டியது. நீதிமன்றம் விதித்த இழப்பீடு 14,600 கோடி ரூபிள். காலநிலையைப் பழி சொல்லித் தப்பிக்கும் வழக்கம் இனி பெருகும் என்பதற்கும் இது முன்னோட்டம்.

2016-ல் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் ஆந்த்ராக்ஸ் பரவி 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். கடும் கோடையில் இளகிய மண்ணிலிருந்து பழைய கிருமி வெளிவந்திருக்கலாம் என்கிறார்கள். கலைமான்களுக்கான தடுப்பூசியை 2007-லேயே நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலாஸ்காவின் நியூடாக் கிராமம், கரை இடிந்து ஆற்றில் விழுந்துகொண்டே இருந்ததால், 2019 முதல் மெர்ட்டார்விக் என்ற புது இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

நம் இமயத்தின் உச்சிகளிலும் உறைநிலம் உண்டு. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்கரையில், உறைந்து இறுகியிருந்த மண்மேடு சரிந்து 1.47 கோடி கன மீட்டர் அளவுக்கு ஏரிக்குள் விழுந்தது. எழுந்த அலையில் ஏரி உடைந்தது. தீஸ்தா ஆற்றில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. பலர் உயிரிழந்தார்கள்.

வெடிகுண்டா, கந்துவட்டியா?

உறைநிலத்தை ‘மீத்தேன் வெடிகுண்டு’ என்று எழுதுவது ஊடகங்களின் வழக்கம். ஒரு நாள் வெடிக்கும், அத்தோடு உலகம் முடிந்தது என்ற தொனி. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. பூமி ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால், 2100-க்குள் உறைநிலத்திலிருந்து கரியமில வாயுவாக வெளியேறும் கரிமம் சுமார் 1,800 கோடி டன் இருக்கலாம் என்று ஐ.நா குழுவின் 2021 அறிக்கை மதிப்பிடுகிறது. 300 கோடியாகவும் இருக்கலாம், 4,100 கோடியாகவும் இருக்கலாம். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு மூலம் உலகம் ஓராண்டில் வெளியிடும் கரிமம் சுமார் 1,000 கோடி டன். ஆக, ஒரு டிகிரிக்கு நம் இரண்டு ஆண்டுப் புகைக்குச் சமமானது கூடுதலாகச் சேரும்.

இவ்வளவுதானா என்று மூச்சுவிட வேண்டாம். படகாய்போல நிலம் திடீரெனச் சரியும் இடங்களும், காட்டுத்தீயில் எரியும் மண்ணும் இந்தக் கணக்கில் முழுமையாக இல்லை. துருவத் துந்திரா, காட்டுத்தீயையும் சேர்த்துப் பார்த்தால், கரிமத்தைச் சேமிக்கும் நிலையிலிருந்து வெளியிடும் நிலைக்கு மாறிவிட்டது என்று அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2024 டிசம்பரில் அறிவித்தது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய ஆய்வு நிலையங்களுக்கும் மேற்கு நாடுகளுக்கும் இடையே தகவல் பரிமாற்றம் முறிந்துகிடக்கிறது. உறைநிலத்தின் பெரும்பங்கு இருக்கும் நாட்டிலேயே உலகத்தின் கண் கட்டப்பட்டிருக்கிறது.

எனவே, இதைக் கந்துவட்டி என்பதே பொருத்தம். சூடு ஏறினால் நிலம் இளகும். இளகினால் வாயு வரும். வாயு வந்தால் சூடு ஏறும். கடன் வாங்கியவர்கள் தொழிற்சாலை நாடுகள்; வட்டியைக் கட்டுவது எல்லோரும். வெடிகுண்டு என்றால் வெடிக்கும்வரை கவலை இல்லை, வெடித்தபின் வழியில்லை. கடன் அப்படியல்ல. இன்றைக்கு அசலைக் குறைத்தால் நாளைய வட்டி குறையும். அரை டிகிரி குறைந்தாலும் அந்த அளவுக்கு நிலம் உறைந்தே இருக்கும்.

சைபீரியாவின் செர்ஸ்கி நகருக்கு அருகே, செர்கெய் சீமோவும் அவர் மகன் நிகிதாவும் 1996 முதல் ஒரு சோதனை நடத்துகிறார்கள். காட்டெருமை, குதிரை, கலைமான்களை மேயவிட்டால் அவை பனிப் போர்வையை மிதித்து மெலிதாக்கும். குளிர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் என்பது அவர்கள் வாதம். அருமையான யோசனை. ஆனால், அவர்கள் வேலியிட்ட நிலம் சில பத்துச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். உறைநிலமோ ஒரு கோடிச் சதுர கிலோமீட்டருக்கு மேல். தனித்தனியாக நிலத்தைக் குளிர்விக்க முடியாது. வானத்துக்குப் போகும் புகையைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கிணறு வெட்டினால் தண்ணீர் ஊற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பழகியவர்கள் நாம். ஷெர்கின் கிணற்றுக்கு மட்டும் வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம். அதில் என்றைக்கும் ஊற்று கண் திறக்காமல் இருக்கட்டும்.